வேடந்தாங்கலை விட்டுவிட்டு மலையேறும் கேமராக்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், கல்லூரி விடுதிகளில் ஒரு வியாதி பரவ ஆரம்பித்துவிடும். "மச்சி, இந்த லீவுக்கு முதுமலை போறோம்டா... செம லைட் இருக்கும், புலி மாட்டுனாலும் மாட்டும்!" என்று ஒருவன் ஆரம்பிப்பான். தீபாவளிக்கு வீட்டில் கொடுத்த காசு, அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய டெலி லென்ஸ், ஆறு பேர் பங்கு போட்டு எடுக்கும் வாடகை வண்டி. மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும்போது மெமரி கார்டில் 2000 படங்கள் இருக்கும். அதில் 1900 புள்ளிமான். மீதி, வனத்துறை வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் தலை!

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மோகத்துக்குப் பின்னால் மூன்று தப்பான கணக்குகள் இருக்கின்றன. ஒன்று பருவத்தைப் பற்றியது. இன்னொன்று செலவைப் பற்றியது. மூன்றாவது, "நாங்கள் படம்தானே எடுக்கிறோம், யாருக்கு என்ன கெடுதல்?" என்ற நினைப்பு. மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் கணக்கு: இல்லாத இலையுதிர் காலம்

அக்டோபர் மாதம் என்றால் இலைகள் சிவந்து, மஞ்சளாகி, பொலபொலவென்று உதிரும் என்பது நம்முடைய அறிவு இல்லை. அது பள்ளிக்கூட ஆங்கிலப் பாடத்திலிருந்தும், காலண்டர் படங்களிலிருந்தும், கம்ப்யூட்டர் வால்பேப்பரிலிருந்தும் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் இலையுதிர் காலத்தின் பெயரிலேயே ஒரு வால்பேப்பர் இருந்தது நினைவிருக்கலாம். அந்தப் படத்தைத் தேடிக்கொண்டுதான் ஒரு தலைமுறையே மலையேறுகிறது.

ஆனால் முதுமலை மரங்கள் எக்ஸ்பியைப் பார்த்து வளரவில்லையே! அங்கே இருப்பது பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. மழை நின்று, மண் காய ஆரம்பித்த பிறகுதான் தண்ணீரை மிச்சப்படுத்த மரங்கள் இலையை உதிர்க்கும். அது மார்கழி, தையில் தொடங்கி பங்குனி வரைக்கும் நடக்கிற சங்கதி. ஐப்பசியில் காடு பச்சைப்பசேல் என்று இருக்கும். புதர் மண்டிக் கிடக்கும், தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்பதால் விலங்குகள் ஒரு குட்டைக்கு வந்துதான் தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படம் எடுப்பவர்களுக்குக் கஷ்டமான காலம் என்று இதைச் சொல்லலாம்.

தமிழுக்கு நான்கு பருவம் கிடையாது, ஆறு பருவம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இங்கே ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். பழைய இலக்கணப்படி கூதிர் காலம் குறிஞ்சிக்கு, அதாவது மலைக்குத்தான் உரியது. "பார்த்தீர்களா, மலைக்குப் போவதுதான் மரபு!" என்று யாராவது வாதாடலாம். ஆனால் அதே இலக்கணம் மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பருவங்களையும் கொடுத்திருக்கிறது. ஏரியும் வயலும் கடலும் இருக்கிற ஊருக்கு 'ஆஃப் சீசன்' என்பதே கிடையாது என்று அர்த்தம்.

செங்கல்பட்டு மாவட்டம் அப்படிப்பட்ட ஊர். மேற்கே ஏரிகள், கிழக்கே கழிமுகமும் கடலும். மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கொட்டுகிறது. மேட்டு ஏரி நிரம்பி, கலிங்கு வழிந்து, அடுத்த ஏரிக்குப் போகும். அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் பறவைகள் வருகின்றன. ஆக, 'வைல்ட்லைஃப் சீசன்' தொடங்குகிற அதே வாரத்தில், அது நடக்கிற ஊரைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்கு ஓடுகிறார்கள் நம் ஆட்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

இரண்டாவது கணக்கு: வரவு எட்டணா, செலவு பத்தணா

பி.காம் படிக்கிறவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்புதான் அது. முதுமலைக்குப் போவதால் கைவிடப்படுவது என்ன?

செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் வேடந்தாங்கல். ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்ரோட்டில் திரும்பவேண்டும். ஏரி சிறியதுதான், சுமார் 30 ஹெக்டேர். தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கும். நல்ல மழை பெய்த வருடம் என்றால் நவம்பரிலிருந்து அந்த மரங்களில் இடம் இருக்காது. நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று ஒரே மரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு! அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி கரிக்கிலி. அங்கே ஊசிவால் வாத்தும் கிளுவையும் வட ஆசியாவிலிருந்து வந்து இறங்கும். இரண்டுமே 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அந்தஸ்து.

கிழக்கே போனால் முட்டுக்காடு கழிமுகம், கேளம்பாக்கம் உப்பங்கழி, தெற்கே முதலியார்குப்பம் பக்கம் ஒதியூர் காயல். ஜனவரியிலிருந்து மாமல்லபுரம் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை வடநெம்மேலியில் இருக்கிறது. இத்தனையும் ஒரே மாவட்டத்தில், டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போகிற தூரத்தில்.

எதிர்த் தரப்பு சொல்வது: "புலி இருக்கா? யானை இருக்கா? நாரையைப் போய் யார் பார்ப்பாங்க?" சரி, புலிப் படத்தையே எடுத்துக்கொள்வோம். வனத்துறை வேனில் கொஞ்ச நேரம், ஒரே பாதை, ஒரே பக்க ஜன்னல். அப்படி எடுத்த படமும், அதற்கு முந்தைய நாள் அதே ஜன்னலில் இன்னொருவர் எடுத்த படமும் எந்த வகையில் வேறுபடும்? அதே ஆள் ஒரு ஏரிக்கரையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பத்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், குச்சி பொறுக்கிக்கொண்டு வருவதிலிருந்து குஞ்சு இறக்கை விரிப்பது வரைக்கும் ஒரு முழுக் கதையே கிடைக்கும். அந்தக் கதை வேறு யாரிடமும் இருக்காது.

பொறுமைதான் படம் என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சாட்சி இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் அந்தச் சிற்பத்தொகுதிக்குக் கீழே ஒரு மான் பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். யானைகளின் காலடியில் குட்டிகள் நிற்கும். ஏழாம் நூற்றாண்டில் லென்ஸும் இல்லை, மெமரி கார்டும் இல்லை. மான் எப்படிச் சொறியும் என்பதை உட்கார்ந்து பார்த்த கண் மட்டும்தான் இருந்தது. அந்தப் பாறைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு, "இங்க என்ன இருக்கு" என்று மலைக்குக் கிளம்புகிறார்கள்!

மூன்றாவது கணக்கு: "யாருக்கு என்ன கெடுதல்?"

இதுதான் முக்கியமானது.

துப்பாக்கிக்குப் பதில் கேமரா என்பது ஒரு காலத்தில் உண்மையிலேயே பெரிய மாற்றம். வேட்டைக்காரர்களின் காலத்தில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களில் புலியைப் படம் பிடித்தார். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் வாழ்நாள் முழுக்க கருப்பு வெள்ளைப் படங்களோடு காட்டைப் பற்றி எழுதினார். 1950-இல் 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் தொடங்கிய அவருடைய பத்தி, 1996-இல் அவர் மறையும் வரை வந்தது. அவர்களுக்கு விலங்குதான் முக்கியம், படம் அதற்கு அடுத்ததுதான். இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது.

செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் பறவை வந்துவிட்டது என்று நினைத்து அது பதறிக்கொண்டு வெளியே வருகிறது. அந்தப் பதற்றம்தான் 'செம ஆக்‌ஷன் ஷாட்'. கூட்டை மறைக்கிற கிளையை ஒடிக்கிறார்கள். நிழல் போய்விட்டது, காக்கைக்கு வழி தெரிந்துவிட்டது, தாய் வெளியே பறந்துவிட்டது. பத்து நிமிட வெயிலே ஒரு குஞ்சுக்குப் போதும். ஆமைக்குஞ்சு கடலை அடையாளம் காண்பது வெளிச்சத்தை வைத்து. இருட்டுக் கரையில் அதற்கு எதிரே ஃபிளாஷும் டார்ச்சும் அடித்தால் அது கடலை விட்டுவிட்டு ஆளை நோக்கி நடக்கும். படத்தைப் போடும்போது இடத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டால், அடுத்த ஞாயிறு அங்கே இருபது பேர்.

1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். 'வேட்டை' என்றால் என்ன என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. சுடுவது, பிடிப்பது மட்டும் இல்லை. பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. கூட்டைக் கலைத்துப் படம் எடுத்தவர் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரர். கையில் இருந்தது கேமரா என்பது ஒரு சால்ஜாப்பு, அவ்வளவுதான்.

மலையில் இது இன்னும் மோசம். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையோடு செல்ஃபி எடுக்கப்போனவரை யானை துரத்தி மிதித்தது. அவர் மயிரிழையில் தப்பினார், பிறகு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. நீலகிரியில் யானை வழித்தடத்தை மறித்த விடுதிகளை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது, அந்த வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்த விடுதிகளில் தங்கியது யார்? காட்டை 'ரசிக்க' வந்தவர்கள்தானே! ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்கவேண்டிய நிலை வந்ததும் இதே கூட்டத்தால்தான்.

"அப்படியென்றால் வேடந்தாங்கலுக்கு இந்தக் கூட்டத்தை அனுப்பினால் அதுவும் நாசமாகாதா?" நல்ல கேள்வி. ஆனால் வேடந்தாங்கலில் மனிதன் எங்கே நிற்கவேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. கரையில்! கூடுகள் தண்ணீருக்கு நடுவே, பார்வையாளர் கரையிலும் காட்சிக் கோபுரத்திலும். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவரும் வெறுங்கண்ணால் பார்க்கும் ஏழாம் வகுப்புப் பையனும் ஒரே கோட்டுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். இந்தக் கோட்டைப் போட்டவர்கள் ஊர்க்காரர்கள்.

1790களின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காக இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் போய் நின்றது செங்கல்பட்டு கலெக்டர் லியோனல் பிளேஸ் முன்னால். பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையில் வருகிற கலெக்டரும் இதே பிளேஸ்தான். ஏரி காத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். ஏரிப் பறவை காத்த குடியானவர் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் கருணையால் மட்டும் செய்யவில்லை. அதில் கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீரில் தழைச்சத்து அதிகம். அது வயலுக்குப் பாய்ந்தால் உரச்செலவு மிச்சம். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது. பதிலுக்கு ஊர் என்ன கொடுத்தது? தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஐப்பசியில், எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வெடி வெடிக்கும்போது, அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் இந்த வாடகையோடு ஒப்பிட்டால், கேமராக்காரர்கள் கட்டுகிற நுழைவுக் கட்டணம் எம்மாத்திரம்?

எது உண்மையான நஷ்டம்?

1998 அறிவிப்புப்படி வேடந்தாங்கல் சரணாலயம் என்பது ஏரி மட்டும் இல்லை. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சுற்றளவும் சேர்ந்தது. பறவை கூடு கட்டுவது ஏரியில், ஆனால் சாப்பிடப் போவது சுற்றியிருக்கிற வயலிலும் சின்ன ஏரிகளிலும். 2020-இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்கும் யோசனை வந்தது. அந்த எல்லைக்குள் ஒரு மருந்துத் தொழிற்சாலை விரிவாக்க அனுமதி கேட்டிருந்த நேரம் அது. ஊரடங்குக் காலத்தில் கிராமத்தாரும் பறவை ஆர்வலர்களும் பத்திரிகைகளும் சத்தம் போட்டதால் விஷயம் வெளியே வந்தது.

5-ஐ 3 ஆக்கினால் ஆரம்தான் குறைகிறது என்று நினைக்கக்கூடாது. பரப்பளவைப் போட்டுப் பார்த்தால், 25-க்கு 9. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்! இந்தக் கணக்கைப் போட பி.காம் கூட வேண்டாம், பத்தாம் வகுப்பு போதும்.

அந்த மாதிரி நேரத்தில் ஆதாரமாக என்ன தேவைப்படும்? எந்த வயலில், எந்தத் தேதியில், எந்தப் பறவை இரை தேடியது என்று காட்டும் படம் தேவைப்படும். முதுமலைப் புலிப் படம் அங்கே எதற்கும் உதவாது. படாளம் பக்கத்து வயலில் நத்தைகுத்தி நாரை நிற்கிற சாதாரணப் படம், தேதியோடு இருந்தால், அது சாட்சி. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கரைக்கு அருகே விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்ற விதி 1983 சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஆனாலும் இது நடந்தது. விஷயத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் இருந்தவை அழகான படங்கள் இல்லை. மணலில் அழுகிக்கிடந்த ஆமைகளின் படங்களும், அவற்றை எண்ணி எழுதியவர்களின் நோட்டும்தான். 1988 முதல் சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும்.

ஆகவே கேமராவை விற்றுவிடச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. மலைக்கே போகக்கூடாது என்பதும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் எத்தனை கூடு என்று தெரியாதவனுக்கு மலையில் 'வைல்ட்லைஃப் போட்டோகிராபர்' என்ற பட்டம் எதற்கு என்பதுதான் கேள்வி.

செய்யவேண்டியது ரொம்பச் சின்னது. பக்கத்து ஏரி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மழைக்கு முன்னால் ஒரு படம், நிரம்பியதும் ஒரு படம், வற்றும்போது ஒரு படம், ஒரே இடத்தில் நின்று, தேதியோடு. கூட்டுக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பது. குரலை ஒலிக்கவிடாமல் இருப்பது. பறவை நிமிர்ந்து பார்த்தால் இரண்டடி பின்னால் வருவது. 2015 முதல் ஒவ்வொரு தையிலும் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கால் மணி நேரமாவது எண்ணிப் பதிவு செய்வது.

இதில் லைக் கம்மியாகத்தான் விழும். ஆனால் அடுத்த முறை யாராவது வரைபடத்தில் காம்பஸ் வைத்து 5-ஐ 3 ஆக்க வரும்போது, "இங்கே ஒன்றும் இல்லை" என்று அவர்களால் சொல்ல முடியாது. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் கலெக்டர் பிளேஸிடம் போனபோது அவர்கள் கையில் கேமரா இல்லை. நம் கையில் இருக்கிறது.